கண் புண்ணுக்குக் கனடாவிலிருந்து பொலிமர் தூள் வரவழைக்கலாமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். நான் அச்சுவேலிப் பக்கம். உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். போன மாதம் அப்பா வேலி அடைப்பதற்கு வடலி ஓலை வெட்டும்போது நுனி வலது கண்ணில் கீறிவிட்டது. முதலில் நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டார். பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கண்புரை ஒப்பரேஷனுக்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்தில் மிச்சம் இருந்தது. பிறகு அதையும் நாலு நாள் விட்டிருக்கிறார். கண்மணியில் வெள்ளை விழுந்து வலி தாங்க முடியாமல் போனதும்தான் எங்களுக்குச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கண்ணைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்ததில் சூடோமோனாஸ் என்ற பக்டீரியா என்று வந்தது. சிப்ரோஃப்ளொக்சசின், ஜென்டமைசின் என்ற அன்ரிபயோட்டிக்குகளுக்கு எதிர்ப்பு, செஃப்டசிடிமுக்கு இல்லை. இப்போது அதைத்தான் விடுகிறோம். புண் ஆறுகிறது, ஆனால் மெதுவாகத்தான். கனடாவில் இருக்கும் அண்ணா ஒரு செய்தி அனுப்பினார். பக்டீரியாவின் சவ்வைக் கிழித்துக் கொல்லும் பல்பகுதியங்கள், அதாவது பொலிமர்கள், வந்துவிட்டனவாம், அவற்றுக்கு எதிர்ப்பே வராதாம். அந்த வகையில் ஒன்றான பொலிலைசின் தூளை இணையத்தில் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறார். அனுப்பச் சொல்லலாமா? அந்த மருந்து இங்கே எப்போது வரும்?

பதில்: தூளை அனுப்ப வேண்டாம் என்று இன்றைக்கே அண்ணாவுக்குச் சொல்லிவிடுங்கள். மற்றதை ஆறுதலாகக் கதைக்கலாம்.

முதலில் அப்பாவின் கண். அறிக்கையில் இரண்டு மருந்துக்கு நேரே 'எதிர்ப்பு' என்று இருப்பதைப் பார்த்து நீங்கள் பயந்துபோயிருக்கிறீர்கள். மூன்றாவது மருந்து அந்தக் கிருமிக்குக் கேட்கிறது என்று அதே அறிக்கை சொல்கிறது. புண்ணும் ஆறிக்கொண்டிருக்கிறது. இன்னொரு விஷயமும் உண்டு. ஆய்வுகூடம் ஒரு கிருமியை எதிர்ப்புள்ளது என்று வகுப்பது, மருந்தை வாயாலோ ஊசியாலோ கொடுத்தால் இரத்தத்தில் எவ்வளவு சேரும் என்ற கணக்கை வைத்துத்தான். கண்ணுக்கு விடும் செஃப்டசிடிமை ஒரு மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற செறிவில் தயாரிக்கிறோம். இரத்தத்தில் அப்படி ஓர் அளவை நினைத்தும் பார்க்க முடியாது. அதனால் எதிர்ப்பு என்று வந்த மருந்துகூடச் சில வேளை கண்ணில் வேலை செய்துவிடும். அதை நம்பி இருக்கச் சொல்லவில்லை. அறிக்கையில் உள்ள சொல் கண்ணின் முடிவான தீர்ப்பு அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

மெதுவாக ஆறுவதற்குக் காரணம் மருந்தின் பலவீனம் என்று நினைக்காதீர்கள். கிருமி சாவது ஒரு வேலை, புண் மூடுவது வேறு வேலை. கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் அந்தப் படலம், கோர்னியா, நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதில் இரத்தக் குழாய் கிடையாது. சூடோமோனாஸ் தன் நொதியங்களால் அதன் கொலாஜனைக் கரைக்கும்; கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளிலேயே துளை விழுந்துவிடக் கூடிய கிருமி அது. கரைந்த இடத்தை உடம்பு நிரப்பி எடுக்க வாரக் கணக்கில் ஆகும். ஆச்சியின் போத்தலும் நிலைமையை மோசமாக்கியிருக்கும். கண்புரை ஒப்பரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஸ்டீரொயிட் இருக்கும். அது சிவப்பையும் நோவையும் கொஞ்சம் அடக்கி, கிருமி உள்ளே பரவுவதை மறைத்துவிடும். நாலு நாள் அப்பா வாய் திறக்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். (மற்றக் காரணம் அப்பாமார் என்பதுதான்.)

சரி, இனி அண்ணா அனுப்பிய செய்தி. அதில் பொய் இல்லை, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் உயிரியல் படிப்பிப்பவர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய அன்ரிபயோட்டிக்குகளில் பெரும்பாலானவை பக்டீரியாவுக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கின்றன. சிப்ரோஃப்ளொக்சசின் டிஎன்ஏ கைரேஸ் என்ற நொதியத்தில் ஒட்டுகிறது. அந்த நொதியத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடும். சூடோமோனாஸிடம் உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்பிகளும் உண்டு. ஜென்டமைசினை உருமாற்றிப் பயனற்றதாக்கும் நொதியங்களைச் சில கிருமிகள் மற்றக் கிருமிகளிடமிருந்தே பெற்றுக்கொள்கின்றன. பொலிமர்காரர்கள் இந்த வழியையே விட்டுவிட்டார்கள். பக்டீரியாவின் வெளிப்பரப்பில் மறை மின்னேற்றம் அதிகம். சூடோமோனாஸ் போல வெளியே இன்னொரு சவ்வுள்ள கிராம் நெகற்றிவ் வகைகளில் அந்த வெளிச்சவ்வின் இலிப்போபொலிசக்கரைட்டு, வெளிச்சவ்வு இல்லாத கிராம் பொசிற்றிவ் வகைகளில் சுவரின் தெய்க்கோயிக் அமிலம், இரண்டிலும் உள்சவ்வின் சில கொழுப்புகள் எல்லாம் சேர்ந்து அதை அப்படி ஆக்குகின்றன. மனிதக் கலத்தின் மென்சவ்வில் வெளிப்பக்கம் ஏறத்தாழ நடுநிலையானது, கொலஸ்திரோல் சேர்ந்து இறுகியும் இருக்கும். எனவே நேரேற்றம் நிறைந்த ஒரு நீண்ட சங்கிலி மூலக்கூறு முதலில் போய் ஒட்டுவது பக்டீரியாவில்தான். ஒட்டியதும் அதன் கொழுப்புக்குப் பிரியமான பகுதிகள் சவ்வுக்குள் இறங்கும். சவ்வு பிளக்கும், உள்ளிருக்கும் பொற்றாசியம் முதலியவை ஒழுகும், கலம் சாகும். ஆய்வுகூடத்தில் இதெல்லாம் நிமிடக் கணக்கில் நடந்து முடிகிறது.

படலையின் பூட்டை மாற்றுவது ஓர் இரவு வேலை. வளவைச் சுற்றியுள்ள வேலி முழுவதையும் பிடுங்கி வேறு வேலி அடைப்பது அப்படியல்ல. பக்டீரியாவுக்கு நொதியம் பூட்டு, சவ்வு வேலி. எதிர்ப்பு எளிதில் வராது என்று சொல்வதற்கு அடிப்படை இதுதான். 2016-இல் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் நட்சத்திர வடிவில் செய்த பெப்ரைட்டுப் பொலிமர்களை வைத்து, பல மருந்துகளுக்கு அடங்காத கிராம் நெகற்றிவ் பக்டீரியாக்களைச் சுண்டெலிகளில் அடக்கிக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கான தலைமுறை வளர்த்துப் பார்த்தும் எதிர்ப்புத் தோன்றவில்லை. அண்ணாவுக்குக் கிடைத்தது இந்த வகைச் செய்தி ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் 'வராது' என்ற சொல்லை வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். மெதுவாக வரும் என்று சொல்லுங்கள். பொலிமர் அல்ல என்றாலும் கொலிஸ்டின் என்ற பழைய மருந்தும் இதே வழியில் கிராம் நெகற்றிவ் சவ்வைத் தாக்குவதுதான். அதற்கு எதிர்ப்புத் தரும் எம்சிஆர்-1 என்ற மரபணு, ஒரு பக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதை 2015-இல் சீனாவிலிருந்து அறிவித்தார்கள். பண்ணை விலங்குகளுக்குக் கொலிஸ்டினை அள்ளிக் கொடுத்த காலம் அது. அந்த மரபணு செய்வது, வெளிச்சவ்வின் கொழுப்பில் ஒரு சிறு இரசாயனக் கூட்டத்தைச் சேர்த்து மறையேற்றத்தைக் குறைப்பது. ஸ்டஃபிலோகொக்கசு என்ற கிராம் பொசிற்றிவ் பக்டீரியாவும் தன் சுவரில் அலனைன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்துக் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். வேலியை முழுதாகப் பிடுங்காமலே தப்பிக்க வழி உண்டு என்பது பக்டீரியாவுக்கு ஏற்கெனவே தெரியும்.

பொலிலைசினைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல பொருள்தான். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனப் பக்டீரியா ஒன்று தயாரிப்பது. 1977-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அங்கே சோறு, மீன் உணவு பழுதாகாமல் இருக்கச் சேர்க்கிறார்கள். ஏறத்தாழ 25 முதல் 35 லைசின்கள் கோத்த சங்கிலி, ஒவ்வொன்றிலும் ஒரு நேரேற்றம். கண்ணுக்கு இதைப் பயன்படுத்த முடியுமா என்று சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் ஆராய்ந்திருக்கிறார்கள். லிவர்பூலில் இதைக் கொண்டே மெல்லிய ஜெல் லென்ஸ் செய்து, புண்மேல் கட்டுப் போல வைத்து, சூடோமோனாஸைக் குறைக்கப் பார்த்தார்கள். சொட்டு மருந்தாக விடாமல் லென்ஸாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணில் இயல்பாக நிற்கும் கண்ணீர் ஏழு மைக்ரோலீற்றர் அளவுதான். ஒரு சொட்டு அதைப் போலப் பல மடங்கு பெரியது. மிஞ்சியது கன்னத்தில் வழிந்தும் மூக்குக்குள் இறங்கியும் சில நிமிடத்தில் போய்விடும். அப்பாவுக்கு ஆரம்பத்தில் இரவிலும் எழுப்பி மணிக்கு ஒரு தடவை மருந்து விட்டிருப்பார்களே, அது இதனால்தான்.

ஆய்வுகூடத்துக்கும் அப்பாவின் கண்ணுக்கும் நடுவில் இன்னும் சில தடைகள் இருக்கின்றன. கண்ணீரில் உப்பும் சளிப் புரதங்களும் உண்டு. உப்பு ஏற்றத்தின் இழுவையைக் குறைக்கும். மறையேற்றமுள்ள சளிப் புரதம் பொலிமரை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். புண் மேலோட்டமாக இருந்தால் பரவாயில்லை, ஆழத்தில் இருந்தால் பெரிய மூலக்கூறு அங்கே போய்ச் சேர வேண்டும். கிருமி கண்ணின் உட்குழிக்குள் போய்விட்டால் சொட்டு மருந்தே போதாது, ஊசியால் உள்ளே மருந்து வைக்க வேண்டும். அந்த இடத்தில் விழித்திரைக்குப் பக்கத்தில் சவ்வுகளைக் கிழிக்கும் ஒரு பொருளை விட யாருக்குத் துணிவு வரும்?

பெரிய தடை அந்தக் கிழிக்கும் குணமேதான். கொழுப்புக்குப் பிரியமான பகுதியைக் கூட்டினால் பக்டீரியா நன்றாகச் சாகும். கூடவே எங்கள் கலங்களும் உடையத் தொடங்கும். குறைத்தால் கண்ணுக்குச் சுகம், கிருமிக்கும் சுகம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒடுக்கமான இடத்தைத் தேடுவதிலேயே வேதியியலாளரின் காலம் போகிறது. நேரேற்றமுள்ள பொருள் கண்ணுக்கு என்ன செய்யும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. பென்சல்கோனியம் குளோரைட்டு என்ற சிறு மூலக்கூறைப் பல சொட்டு மருந்துப் போத்தல்களில் மருந்து பழுதாகாமல் இருக்கச் சேர்க்கிறார்கள். குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்கு வருடக் கணக்கில் மருந்து விடுபவர்களின் கண் மேற்பரப்பை அது எவ்வளவு அரித்துவிடும் என்பதைக் கிளினிக்கில் எந்நாளும் பார்க்கலாம். தோலில் காய்ந்த புண்ணுக்குத் தழும்பு வந்தால் ஒரு சட்டையால் மறைத்துவிடலாம். கோர்னியாவின் நடுவில் வரும் தழும்பு பார்வையையே மறைக்கும். அதனால் கிருமியை மட்டும் கொன்றால் போதாது, அழற்சியையும் தூண்டாமல் கொல்ல வேண்டும்.

இவ்வளவு சொன்னதும், கண்ணுக்குள் பொலிமரே போகாது என்று நினைத்துவிட வேண்டாம். பொலிஹெக்சாமெதிலீன் பைகுவனைட்டு ஒரு பொலிமர்தான். நீச்சல் குளத்துக்கும் போடுவார்கள். அதையே 0.02 சதவீதமாக ஐதாக்கி, அக்கந்தமீபா என்ற அமீபாவால் வரும் கண் புண்ணுக்கு 1990-களின் தொடக்கத்திலிருந்து விட்டுவருகிறார்கள். அந்த நோய்க்கென்றே 0.08 சதவீதச் சொட்டு மருந்தாக அதை முறையாகச் சோதித்து, 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி கொடுத்தார்கள். பழக்கத்தில் வந்ததற்கும் அனுமதி கிடைத்ததற்கும் நடுவில் எத்தனை வருடம் என்று கணக்குப் பாருங்கள். இத்தனைக்கும் அது எல்லாருக்கும் தெரிந்த பழைய பொருள். சங்கிலியின் நீளம் ஒவ்வொரு தயாரிப்பிலும் கொஞ்சம் கூடிக் குறைவதால், ஒரு போத்தலில் இருப்பதுதான் மற்றதிலும் இருக்கிறது என்று நிரூபிப்பதே பொலிமர் மருந்துக்குப் பெரிய பாடு.

நேர்மாறான கதையும் உண்டு. 2006-இல் சிங்கப்பூர், ஹொங்கொங், அமெரிக்கா ஆகிய இடங்களில் கொன்ராக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு ஃபியூசேரியம் என்ற பங்கசால் (பூஞ்சணத்தால்) கண் புண் பரவியது. விசாரித்துப் பார்த்தால் பலர் பயன்படுத்தியது ஒரே லென்ஸ் திரவம். கிருமிநாசினியும் பொலிமர்களும் சேர்ந்த தரமான தயாரிப்பு, சோதனைகள் எல்லாம் தாண்டி வந்தது. உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். திரவம் வற்றும்போது அந்தப் பொலிமரே பங்கசுக்குக் காப்பாக நின்றிருக்கலாம் என்பது பிறகு வந்த விளக்கங்களில் ஒன்று.

ஆக, அண்ணாவின் தூள். அது உணவுக்கு என்று செய்தது. அதில் கலந்திருக்கும் வேறு பொருள் என்ன, கிருமி இருக்கிறதா, கரைத்தால் காரத்தன்மை எவ்வளவு, உப்புச் செறிவு எவ்வளவு என்று ஒன்றும் தெரியாது. வீட்டில் கொதித்தாறிய நீரில் கரைத்தால் அது கிருமி நீக்கிய மருந்து ஆகாது. மேல்தோல் இல்லாத புண்ணில் அதை விடுவது, ஆறிவரும் இடத்தை மறுபடியும் கிளறுவதுதான். தொழிற்சாலையில் முத்திரை வைத்து வருவதிலேயே பிழைக்க இடமுண்டு. 2023-இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தோடு தொடர்புபட்டு, கடைசிக் கட்ட மருந்துகளுக்கும் அடங்காத சூடோமோனாஸ் 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்றியது. நாலு பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள், நாலு பேரின் கண்ணையே எடுக்க வேண்டி வந்தது. அந்த மருந்து தயாரானது சென்னைப் பக்கத்தில். அப்பாவுக்கு வந்த அதே இனக் கிருமி, கண் வறட்சியைத் தணிக்க விட்ட சொட்டில் இருந்திருக்கிறது.

எப்போது வரும் என்று கேட்டீர்கள். பக்டீரியாக் கண் புண்ணுக்கென்று இந்தப் புதுப் பொலிமர்களில் ஒன்றையும் நான் உங்களுக்கு எழுதித் தர முடியாது. வருடம் குறித்துச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு முதலில் உதவப்போவது கொல்லும் பொலிமராக இருக்காது, கண்டுபிடிக்கும் பொலிமராக இருக்கும். இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகமும் ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் நிறுவனமும் சேர்ந்து ஒரு வேலை செய்திருக்கிறார்கள். வன்கொமைசின் என்ற அன்ரிபயோட்டிக்கைப் பொருத்திய பொலிமர் கிராம் பொசிற்றிவ் கிருமியைப் பிடிக்கும், பொலிமிக்சின் என்ற இன்னொன்றைப் பொருத்தியது கிராம் நெகற்றிவைப் பிடிக்கும். அதை லென்ஸ் போலக் கொஞ்ச நேரம் கண்மேல் வைத்து எடுத்தால், எந்த வகைக் கிருமி என்று அங்கேயே தெரிய வேண்டும் என்பது நோக்கம். தோட்டக் காயத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். மதுரையில் கண் புண்களை ஆராய்ந்தபோது பக்டீரியாவும் பங்கசும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி வந்தன. ஓலையும் மண்ணும் பட்ட கண்ணுக்குப் பக்டீரியா மருந்தை மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் பங்கசு உள்ளே சுகமாக வளரும். இன்றைக்கு அதைப் பிரித்துச் சொல்வது சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்ப்பதும், வளர்த்துப் பார்ப்பதும்தான். அப்பாவுக்கு அது நடந்திருக்கிறது. நடந்ததால்தான் சரியான மருந்தைத் தெரிவு செய்ய முடிந்தது.

இப்போது செய்ய வேண்டியவை. செஃப்டசிடிம் போத்தலைப் பிரிஜ்ஜில் வையுங்கள். ஆஸ்பத்திரியில் தயாரித்தது சில நாளைக்குத்தான் நல்லது, தந்த திகதி தாண்டினால் மிச்சம் இருந்தாலும் புதுசு வாங்குங்கள். போத்தல் நுனி இமையில் படக் கூடாது. புண் மூடிவிட்டது என்று கண் பிரிவில் சொல்லும்வரை தடவைகளை நீங்களாகக் குறைக்க வேண்டாம். ஆச்சியின் போத்தல் இன்னும் வீட்டில் இருந்தால் எறிந்துவிடுங்கள். நோவு திடீரென்று கூடினால், வெள்ளை பெரிதானால், கண்ணிலிருந்து சூடாகத் தண்ணீர் வழிந்தாற்போல இருந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், இரவானாலும்.

தழும்பைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். மாதங்கள் போகப் போக அது கொஞ்சம் மெலியும். அதன் பிறகும் பார்வை குறைவாக இருந்தால் கடின வகைக் கொன்ராக்ட் லென்ஸ் சிலருக்கு உதவும், சிலருக்குக் கோர்னியா மாற்றச் சத்திரசிகிச்சை தேவைப்படும். கண் தானத்தில் இலங்கை பேர்பெற்ற நாடு. 1961-இல் தொடங்கிய கண் தான சங்கம் வெளிநாடுகளுக்கே கோர்னியா அனுப்புகிறது. அந்தக் கதவு மூடப்படவில்லை.

அண்ணா தூரத்தில் இருந்துகொண்டு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிறார், அது விளங்குகிறது. பக்கமும் மூடிய, கீறல் விழாத பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு அனுப்பச் சொல்லுங்கள். ஓலை வெட்டும்போதும் புல்லு வெட்டும் மெஷின் பிடிக்கும்போதும் போடத்தான். ஒன்று அப்பாவுக்கு, மற்றது அம்மாவுக்கு; அவரும் தோட்டத்தில் நிற்பவர்தானே. கண்ணாடியில் ஆவிப் புகார் படிகிறது என்று அப்பா கழற்றி வைப்பார். புகார் பிடிக்காத பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.